சோர்வை அளக்கும் கோல் எது?

சென்ற கிழமை அச்சத்தைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த மாணவர் சிலர், இக்கிழமை மனச்சோர்வைப் பற்றி எழுதவேண்டும் எனக் கேட்டிருக்கின்றனர். அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. பத்திரிகையைப் பிரித்தாலும் அச்சொல். வானொலியைத் திருப்பினாலும் அச்சொல். ஆயினும், கண்டி–மாத்தளை வீதியில் எமது அலவத்துகொடையிலோ, அதற்கு முன்னுள்ள அக்குறணையிலோ, கட்டுகஸ்தோட்டையிலோ வைத்தியரிடம் செல்லும் நம்மவர் எவரேனும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு செல்வதுண்டா? "உடம்பு முடியவில்லை ஐயா", "தலை பாரமாய்க் கிடக்கிறது", "நெஞ்சு எரிகிறது", "கைகால் ஓய்ந்துபோகிறது" என்பனவே அங்கே கேட்கும் வார்த்தைகள். இரத்தம் சோதிப்பர்; சிறுநீர் சோதிப்பர்; ஒன்றும் இல்லை என்பர். சத்து மாத்திரையுடன் வீடு திரும்பியவர் அடுத்த மாதம் மீண்டும் அதே வாங்கிலே அமர்ந்திருப்பார்.

இவருக்கு இருப்பது நோயா, துயரமா, அல்லது வறுமையா? இக்கேள்விக்குப் பல கொள்கைகள் விடை கூறுகின்றன. கொள்கைகளை மாத்திரம் மனனஞ் செய்துவிட்டால் பரீட்சையில் தேறிவிடலாம். ஆனால், "இது உமக்கு எவ்வாறு தெரிந்தது?" என்று கொள்கையை நோக்கிக் கேட்கத் தெரிந்தவனே உளவியல் கற்றவன். எனவே இன்று கொள்கைகளைக் காட்டிலும் அவை வந்த வழிகளையே சிறிது கூர்ந்து நோக்குவோம்.

நமது ஊருக்கு அண்மையிலேயே ஒருவர் இக்கேள்வியை உலகறியக் கேட்டிருக்கின்றார். அவர் பேராதனையிற் பயின்று, அங்கேயே சமூகவியல் கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கி, 2025ஆம் ஆண்டு தமது தொண்ணூற்றைந்தாவது வயதிற் காலமான கணநாத் ஒபயசேகர. இளமையில் மாத்தளைக்கு அப்பாலுள்ள லக்கலைப் பகுதிக் கிராமத்தில் ஆய்வு செய்து, கருவுற்ற பெண்களின் மசக்கை ஆசைகளைப் பற்றி 1963இல் அவர் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. ஆனால் நாம் இங்கு எடுத்துக்கொள்வது 1985இல் அவர் எழுதிய வேறொரு கட்டுரையை. பண்பாட்டையும் மனச்சோர்வையும் இணைத்து ஆராயும் தொகுப்பு நூலொன்றில் அது வெளிவந்தது.

அதற்கு முன், 1978இல், இலண்டனில் ஜோர்ஜ் பிரவுண், திரில் ஹரிஸ் என்னும் இருவர் ஒரு பெரிய ஆய்வை நூலாக்கியிருந்தனர். தென் இலண்டனில் கம்பர்வெல் என்னும் பகுதியில் 458 பெண்களை வீடு வீடாகச் சென்று சந்தித்து, நீண்ட நேரம் உரையாடி, அவர்களது வாழ்வில் நேர்ந்த இழப்புக்களைக் குறித்தனர். மனம் விட்டுப் பேச ஒருவர் இல்லாமை, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ வீட்டில் இருத்தல், வெளியே வேலை இல்லாமை, பதினொரு வயதுக்குள் தாயை இழந்திருத்தல் ஆகிய நான்கும் இருந்த இடத்தில் இழப்பு வந்தபோது மனச்சோர்வு எளிதிற் புகுந்தது என்று கண்டனர். நம் குடும்பத் தலைவியர் இந்நான்கையும் ஒருமுறை நிதானித்துப் படிக்க வேண்டுகின்றோம். நமது லயங்களிலும் ஒழுங்கைகளிலும் இந்நான்கில் மூன்றேனும் பொருந்தாத வீடு எத்தனை?

அது நிற்க. இழப்புக்கு உள்ளானவர் தம் ஒரு இழப்பிலிருந்து தொடங்கி, வாழ்வு முழுவதுமே நம்பிக்கையற்றது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றார். அம்முடிவே நோயின் கரு என்பது அவ்விருவர் கொள்கை. இதைத்தான் ஒபயசேகர எடுத்துக்கொண்டார். உலகம் நிலையற்றது, பற்றே துன்பம் என்று ஒருவர் எங்கள் நாட்டிற் பேசினால் அவரை நோயாளி என்று நான் சொல்லமாட்டேன், நல்ல பௌத்தர் என்பேன் என்ற கருத்தில் அவர் மறுமொழி எழுதினார். சிங்கள மொழியில் 'கலகிரீம' என்று ஒரு சொல் உண்டு; உலகின்மேல் மனம் கசந்துபோதலைக் குறிப்பது. கசந்த மனம் போயா நாளில் வெள்ளுடை உடுத்து விகாரைக்குச் சென்று, உடலின் அசுத்தத்தைத் தியானித்து, அக்கசப்பையே ஒரு ஞானமாக்கிக்கொள்கின்றது. துன்பத்தை அர்த்தமாக மாற்றும் இத்தொழிலைப் பண்பாட்டின் பணி என்று அவர் பெயரிட்டார்.

நமக்கு இது புதிதன்று. திருக்குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. பட்டினத்தாரின் பாடல்களைப் பாராயணஞ் செய்யும் முதியவரை நாம் வைத்தியசாலைக்கு அனுப்புவதில்லை. அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்கின்றோம்.

ஒபயசேகர அத்துடன் விடவில்லை. நகைச்சுவையோடு ஒரு தலைகீழ்ச் சோதனையும் செய்துகாட்டினார். நம் நாடுகளில் 'தாது நஷ்டம்' என்று ஒரு வியாதியைச் சொல்லுவர். அதற்கு லேகியம் விற்போரின் விளம்பரங்கள் இன்றும் சுவர்களிற் காணப்படும். மெலிவு, கனவுகள், சிறுநீரின் நிறமாற்றம் முதலிய அறிகுறிகள் அதற்குரியன. இவ்வறிகுறிகளைப் பட்டியலிட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குச் சென்றால், அங்கும் அவை உடையோர் கிடைப்பர் அல்லவா? ஆகவே அமெரிக்கரைத் தாது நஷ்டம் பீடித்திருக்கிறது என்று நிரூபித்துவிட்டதாக ஒருவர் அறிவித்தால், அறிஞர் சபை சிரிக்காதா? அங்கிருந்து பட்டியலோடு இங்கு வருவோரைக் கண்டு மாத்திரம் ஏன் ஒருவரும் சிரிப்பதில்லை என்பது அவர் வினா. அறிகுறி எங்கும் உண்டு. அவ்வறிகுறிகளைச் சேர்த்துக் கட்டி 'இது ஒரு நோய்' என்று பெயரிடுவது ஒரு பண்பாட்டின் செயல் என்பது அதன் உட்பொருள்.

இவ்வாதம் இனிமையானது. ஆனால் இனிமையான வாதத்தின் மறுபக்கத்தில் ஒரு குழி இருக்கின்றது. 1904இல் ஜெர்மானிய மனநோய் வைத்தியர் எமில் கிரெப்லின் ஜாவாத் தீவுக்கு வந்து, அங்குள்ள மனநோயாளரைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியரிடம் காணும் ஆழ்ந்த சோர்வும் குற்ற உணர்வும் இவர்களிடம் அரிது என்று எழுதினார். ஆபிரிக்கரிடமும் அது அரிதே என்று பின்னர் கரோதர்ஸ் என்பவர் 1953இல் எழுதினார். ஆழ்ந்து வருந்துவதற்குக்கூட ஆளும் இனத்தாருக்கே தகுதி என்பது போன்ற கதை இது! அவர்கள் கண்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தோரை மாத்திரமே. அமைதியாக வாடுவோர் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கூச்சலிடுவோரைத்தான் ஊர் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே 'நம்மிடம் அந்நோய் இல்லை' என்பதும் தப்பு; 'எல்லாச் சோர்வும் அந்நோயே' என்பதும் தப்பு. நடுவே நிற்பதற்கு எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணியும் பார்த்தார்கள். அதுல சுமதிபால என்னும் இலங்கை மனநோய் வைத்தியரும், இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளரும் கூடி, கொழும்பு மாவட்டத்தில் ஆறாயிரம் பேரளவில் நேர்கண்டனர். 2010இல் வெளியான முடிவின்படி, வாழ்நாளில் என்றேனும் மனச்சோர்வு நோய்க்கு உள்ளானவர் நூற்றுக்கு 6.6 பேர். இவ்விடத்தில் மாணவர் பென்சிலை எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் என்று கணக்கிடுவதற்கு அறிகுறிகள் இருந்தால் மாத்திரம் போதாது. அவற்றால் அன்றாட அலுவல் குலைந்திருக்கவும் வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்திருந்தனர். அந்த ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டால் தொகை 11.2 ஆக உயர்ந்தது.

இரண்டுக்கும் இடையே நூற்றுக்கு 4.6 பேர் நிற்கின்றனர். யார் இவர்கள்? சோர்வின் அறிகுறிகள் எல்லாம் உண்டு. ஆனாலும் வேலை நடக்கின்றது. ஒபயசேகர சொன்ன நல்ல பௌத்தர் இக்கூட்டத்துள் இருக்கலாம் என்று நாம் ஊகிக்கின்றோம். மனம் கசந்தவர்தாம், ஆயினும் எழுகின்றார், விளக்கேற்றுகின்றார், வயலுக்குப் போகின்றார். அவரை நோயாளியாக்காமல் விட்டது அந்நிபந்தனையின் நன்மை.

ஆனால் இன்னொருவரும் அங்கே இருக்கின்றார். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். மலை ஏறாவிட்டால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் மாதக் கடைசியில் கடைக்காரரின் கொப்பிக்குப் பதில் சொல்லமுடியாது. நெஞ்சிற் கல் கிடந்தாலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் ஏறுவார். "உங்கள் அலுவல் குலைந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே அவர் விடை. உண்மையான விடைதான். ஓய்ந்து படுக்கும் வசதி இல்லாதவருக்குச் சோர்வு நோய் இல்லை என்று கணக்குப் புத்தகம் எழுதிவிடுகிறது. இந்த 4.6 பேருக்குள் ஞானத்தால் நடமாடுவோர் எத்தனை, வறுமையால் நடமாடுவோர் எத்தனை என்பதை எந்த அட்டவணையும் பிரித்துச் சொல்லாது. அவரோடு அமர்ந்து பேசினால்தான் தெரியும். எண்ணுகின்ற ஆய்வாளருக்கு ஒபயசேகர போன்றார் தேவைப்படுவதும், ஒபயசேகர போன்றார்க்கு எண்ணுவோர் தேவைப்படுவதும் இதனாலேயே.

சென்னையிலும் இவ்வாறு ஓர் ஆய்வு நடந்தது. 25,455 பேரிடம் பன்னிரண்டு வினாக்கள் கொண்ட தாளைக் கொடுத்து விசாரித்ததில், நூற்றுக்கு 15.1 பேருக்கு மனச்சோர்வு என்று 2009இல் அறிவித்தனர். கொழும்பில் ஆயுள் முழுவதற்கும் 6.6, சென்னையில் விசாரித்த காலத்திலேயே 15.1. பாக்குநீரிணையைக் கடந்தால் துயரம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிடுமா? அவ்வளவும் ஊரின் வேறுபாடு என்று கொள்வதற்கு இடமில்லை, கோலும் வேறு. சிறு வினாத்தாள் வலையை அகலமாய் வீசும். விரிவான நேர்காணல் நெருக்கமாய்ச் சல்லடை போடும். பத்திரிகையில் 'நூற்றுக்கு இத்தனை' என்று கொட்டை எழுத்திற் கண்டவுடன் வருந்தவோ பெருமைப்படவோ தொடங்குவோர், எந்தக் கோலால் அளந்தனர் என்று கட்டுரையின் உள்ளே தேடிப் பார்ப்பது நன்று.

அடுத்து, சோர்வு எங்கிருந்து வருகின்றது என்ற வினா. பரம்பரையா, சூழலா? இதற்கு இரட்டையரைப் பிடித்துக்கொண்டனர் ஆய்வாளர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் பரம்பரையில் ஒன்றே. இரு கருக்களில் உதித்த இரட்டையர் சாதாரண உடன்பிறப்புக்கள் போன்றோர். ஒரு குணத்தில் முன்னவர் பின்னவரைக் காட்டிலும் மிகவும் ஒத்திருந்தால் அங்கே பரம்பரைக்குப் பங்குண்டு எனக் கொள்வர். கொழும்பு இரட்டையரை வைத்து 2009இல் வெளியிட்ட கணக்கில், மனச்சோர்வை அகன்ற வரையறையிற் கொண்டபோது, பெண்களிடையே காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு 61 பங்கு பரம்பரையாலும், ஆண்களிடையே வெறும் 4 பங்கே பரம்பரையாலும் விளைவதாகக் கண்டனர். ஒரு பெண்ணின் கண்ணீரில் 61 துளி பாட்டியுடையது என்று இதற்குப் பொருளன்று. மக்கட் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டையே இவ்வெண் சொல்லும். சூழல் மாறினால் எண்ணும் மாறும். திருமணப் பேச்சில் 'அந்தக் குடும்பத்தில் அது உண்டாமே' என்று இவ்வெண்ணைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோருக்காகவே இதைச் சற்று அழுத்திச் சொல்கின்றோம்.

இரசாயனக் கொள்கையின் கதை இன்னும் சுவையானது. அதில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் பாத்திரமாகின்றது. சர்ப்பகந்தா என நாம் அழைப்பதை, சிங்களத்தில் ஏகவேரிய என்பர். பித்தத்துக்கும் பாம்புக்கடிக்கும் முன்னோர் கையாண்ட வேர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது இரத்த அழுத்தத்தையும் மனக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினர். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல் தமது நோயாளரின் விவரங்களை ஆங்கில வைத்திய இதழில் வெளியிட, மேல்நாடு விழித்துக்கொண்டது. 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்கு அதை உட்கொண்டோரில் சிலர் மனம் சோர்ந்துபோயினர் என்று வைத்தியர்கள் எழுதலாயினர். அம்மருந்து செரட்டோனின் முதலிய மூளைப் பொருள்களைக் குறைப்பதும் தெரியவந்தது. இரண்டையும் முடிச்சிட்டனர்: அப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு! 1965இல் ஷில்ட்கிரவுட் என்பவர் எழுதிய கட்டுரையால் இவ்வகைக் கொள்கை அரியணை ஏறியது.

இதில் நகைப்புக்கிடமானது யாதெனில், பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1955இல், இலண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர் இம்மருந்தை முறைப்படி சோதித்திருந்தனர். பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளரில் ஒரு சாராருக்கு ரெசர்பினும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டதில், ரெசர்பின் உண்டவர்கள் சோர்ந்துபோகவில்லை, மாறாகத் தேறினர். இம்முடிவு மதிப்புமிக்க லான்செற் இதழிலேயே வந்தது. கவனித்தவர் சிலரே. 'மருந்து உண்டார், பின் சோர்ந்தார்' என்ற தனித்தனிக் கதைகளுக்குக் கிடைத்த மதிப்பு, ஒப்புநோக்கிய சோதனைக்குக் கிடைக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிமாரே எச்சரித்திருக்கின்றனர். ஆய்வுக்கூடங்களிலும் அக்காக்கை பறந்துகொண்டுதான் இருக்கிறது. 2022இல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு குழுவினர், செரட்டோனின் குறைவே சோர்வுக்குக் காரணம் என்பதற்கு ஒத்திசைந்த சான்று இல்லை என்று எழுதினர். இதைப் படித்துவிட்டு வைத்தியர் தந்த மாத்திரையை ஒருவரும் தாமாக நிறுத்திவிடக்கூடாது. மருந்து பயன் தருகின்றதா என்பது வேறு வினா; அதற்குத் தனிச் சோதனைகள் நடந்துள்ளன. ஒரு மருந்து ஏன் பயன் தருகின்றது என்று தெரியாமலேயே அது பயன் தரலாம். தலைவலித் தைலத்தின் இரசாயனம் நமக்குத் தெரிந்தா பூசுகின்றோம்?

இனி, முதலிற் சொன்ன அந்த வாங்குக்குத் திரும்புவோம். சோதனையில் ஒன்றும் தென்படாத உடல் நோவுகளோடு வருவோரை என் செய்வது? சுமதிபாலவும் குழுவினரும் இதையும் நம் நாட்டிலேயே சோதித்தனர். 2000இல் வெளியான முதற் சோதனையில், எண்ணங்களையும் செயல்களையும் திருத்தும் உரையாடல் சிகிச்சையை மனநோய் வைத்தியர் அளித்தார். வழமையான கவனிப்பைக் காட்டிலும் அது பயன் தந்தது. எண்ணச் சிகிச்சைக்கு வெற்றி என்று மாலை சூட்டிவிடலாம். ஆனால் அவர்கள் மாலையோடு நிற்கவில்லை. சிகிச்சை பெற்றோருக்கு எண்ணப் பயிற்சி மாத்திரமா கிடைத்தது? ஒரு வைத்தியர் அவர்களுக்காக ஒதுக்கிய நேரமும் அன்றோ கிடைத்தது? எது தேற்றியது?

இதை அறிய இரண்டாவது சோதனை நடந்தது. 2008இல் முடிவு வந்தது. இம்முறை சிகிச்சை அளித்தவர்கள் குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண குடும்ப வைத்தியர்கள். நோயாளரைச் சீட்டுப் போட்டாற்போல் எழுபத்தைந்து எழுபத்தைந்து பேராக இரண்டு கூறாக்கினர். ஒரு கூறுக்கு அரை மணி நேரமாகச் சில முறை எண்ணச் சிகிச்சை. மற்றக் கூறுக்கும் அதே அரை மணி நேரம், அத்தனை முறை. ஆனால் எண்ணச் சிகிச்சை இல்லை. ஒழுங்கான கவனிப்பு மாத்திரமே. மூன்று மாதத்தின் பின் பார்த்தால் இரு கூறாரும் தேறியிருந்தனர்; இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தம் சிகிச்சை மற்றதைவிட மேலானதன்று என்று வந்த முடிவை மறையாமல் வெளியிட்ட அவர்களை நாம் வணங்குகின்றோம். அவசரப்பட்டு, 'காது கொடுத்துக் கேட்டாலே போதும், நோய் தீரும்' என்று சொல்லிவிடவும் கூடாது. இரண்டிலும் சேராது வெறுமனே விடப்பட்ட மூன்றாவது கூறு அங்கே இல்லை. இருந்திருந்தால் அவர்களும் மூன்று மாதத்தில் தாமாகத் தேறியிருக்கலாம், தேறாதும் போயிருக்கலாம். வாடி வந்த நோயாளரை ஒன்றும் செய்யாமல் விட்டு வேடிக்கை பார்ப்பது தருமமா என்ற கேள்வி அங்கே குறுக்கிடுகின்றது. மனித மனத்தை ஆராய்வதில் இவ்விடர்ப்பாடு எப்போதும் உண்டு. எலியை விட்டுப் பார்ப்பதுபோல் மனிதனை விட்டுப் பார்க்க இயலாது.

வீட்டில் ஒருவர் இரண்டு கிழமைக்கு மேலாக உறக்கமும் உணவும் குன்றி, விரும்பியதிலும் விருப்பற்று இருந்தால், அது ஞானமா நோயா என்று திண்ணையில் விவாதித்துக்கொண்டிராது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுக. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம். அழைத்துச் செல்லும்போது, "உடம்பு முடியவில்லை" என்பதோடு, "மனசும் சரியில்லை" என்பதையும் வைத்தியரிடம் உடன் செல்பவர் எடுத்துச் சொல்லவேண்டும். அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், வரிசை வாசல்வரை நீண்டிருக்கும் காலை வேளையில், ஒருவருக்கு அரை மணி நேரம் கிடைக்காது. கிடைக்கும் மூன்று நிமிடத்தில் அவ்வொரு வாக்கியம் வைத்தியரின் கேள்வியை வேறு பக்கம் திருப்பக்கூடும்.